உறைந்த வாய்க்காலில் ஓர் ஒத்திகை

கடலை அணைகட்டித் தடுத்து மீட்ட பிரீசுலாந்து நிலம் கண்ணுக்கெட்டிய தொலைவெல்லாம் தட்டையாய்க் கிடக்க, வரப்பும் வேலியும் வெண்பனியில் மறைய, காற்றாலைகள் கை ஓய்ந்து நிற்க, தைத் திங்களின் இளங்கதிர் மெல்ல எழுந்து, பிரானெக்கர் நகரின் செங்கற் சுவர்களையும் கோவில் மணிக்கூண்டையும் சிவப்பேற்றிக்கொண்டிருந்தது. இத்துணை அழகும் தன் வாசலுக்கே வந்து நிற்பதை அறியாது, பலகணித் திரையைக்கூட விலக்காமல், மூன்று நாளாய்த் தாள்களுக்குள் தலையைப் புதைத்திருந்தார் ஒருவர். ஐம்பது பேர் கூடி வாசிக்கும் அந்நகரப் பல்லியத்தை நடத்துபவரும், புதுப் பண் அமைப்பதில் பித்துக்கொண்டவருமான வீப்ரன்தான் அவர்.

பதினோராண்டு உழைத்து அவர் ஆக்கிய பெரும்பண் அன்று மாலை அரங்கேற வேண்டும். ஆனால் அதன் இரண்டாம் பகுதி ஒத்திகைதோறும் நடுவழியில் குலைந்தது. கொம்பூதுவோர்க்கு மூச்சு முட்டியது, வில்லால் நரம்பிசைப்போர்க்குக் கை சோர்ந்தது. குற்றம் முழுவதையும் வாசிப்போர் தலையில் கட்டி வீப்ரன் வாய்க்கு வந்தபடி ஏசுவார். பாலாடைக்கட்டி வணிகரும், பல்லியத்தின் தலைவரும், ஆளுயர நரம்புக்கருவியை அணைத்து வாசிப்பவருமான தௌவே பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசி ஒத்திகையிலும் அது தேறாவிட்டால் ஊரறிந்த பழம்பண் ஒன்றையே மாலையில் வாசிப்பது என்று முடிவாகச் சொல்லியிருந்தார். அவ்வொத்திகைக்குக் குறித்த வேளை காலை பத்து மணி.

பத்து மணிக்கு அரங்கில் ஐம்பது நாற்காலி இருந்தன. ஆள் ஒருவர்தான் இருந்தார். முரசறையும் சிப்கே, கட்டுப்போட்ட காலை எதிர் நாற்காலியில் நீட்டியபடி, போக முடியாத தன் விதியை நொந்துகொண்டிருந்தார்.

“வாய்க்கா உறைஞ்சு கெட்டியாயிருச்சுங்க ஐயா. பனி ஆளைத் தாங்கும்னு விடியறப்பவே கொடி ஏத்திட்டாங்க, எல்லாரும் சறுக்கப் போயிட்டாங்க. எனக்குக் கணுக்கால் சுளுக்கு, இல்லேன்னா நானும் இங்க இருக்க மாட்டேன்.”

வீப்ரன் நெற்றியில் அறைந்துகொண்டார். நீர் உறைந்து ஆளைத் தாங்கும் நாளில் பள்ளி பூட்டப்படும், கடை சாத்தப்படும், கொடுத்த வாக்கு எதுவும் செல்லாது, அதற்காக யாரும் யாரையும் கோபிப்பதுமில்லை என்பதைத் தாய்ப்பாலோடு அறிந்த பிரீசுலாந்துக்காரரான அவரே, தை மாதத்தில் ஒத்திகை குறித்துவிட்டு வானத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பாராதிருந்தாரே! அரங்கேற்ற நாளுக்கென வைத்திருந்த கருஞ்சட்டையோடு அப்படியே வாய்க்காலுக்கு ஓடினார்.

கரையில், பல்லியத்தில் குழலூதுபவளான அவர் மனைவி யெல்த்யே, சோம்புப்பால் குவளையை ஒரு கையிலும் அவருடைய சறுக்குக் காலணிகளை மறு கையிலுமாகப் பிடித்து நின்றிருந்தாள்.

“கரையில நின்னு கத்துனா ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. திட்டணும்னா இதை மாட்டிக்கிட்டு, கூடவே போய்த் திட்டுங்க.”

வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டார். நீண்ட கழி ஒன்றை வரிசையாய்ப் பற்றியபடி, முன்னே கொம்பூதும் ரொட்டிக்காரர் ரிங்க், அவர் பின்னே தௌவே, பின்னும் நால்வர் என்று சறுக்கி வந்த கூட்டத்தின் வால்முனையைத் தாவிப் பிடித்துத் தம் ஏச்சைத் தொடங்கினார். காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஏசப்படுவது தெரிந்த ரிங்க் திரும்பிக்கூடப் பாராமல், அந்தப் பாழாய்ப்போன இரண்டாம் பகுதியை முணுமுணுக்கத் தொடங்கினார். அடுத்தவர் சேர்ந்தார், அதற்கடுத்தவரும் சேர்ந்தார். இடக்காலில் ஒரு வீச்சு, வலக்காலில் ஒரு வீச்சு என்று உடல்கள் ஒன்றாய்ச் சாய்ந்து எழ, மூன்று மூன்று தட்டாய் வீப்ரன் கோலால் எண்ணி எண்ணி மெதுவாய் இழுத்த இடமெல்லாம் ஒரே வீச்சில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூச்சு முட்டிய இடத்தில் ரிங்குக்கு மூச்சு மிஞ்சியது. தௌவே தம் கருவிக்குரிய கீழ்க்குரலைத் தாமறியாமலே பாடிக்கொண்டிருந்தார்.

வீப்ரன் ஏசுவதை விட்டுவிட்டுக் காது கொடுத்தார். குறை பண்ணிலும் இல்லை, ஆட்களிடமும் இல்லை. மிக மெதுவாய் நடத்திக் கொன்றவர் தாமே என்று விளங்கியபோது வெட்கம் பொங்கியது, அதைவிட மகிழ்ச்சி பொங்கியது. பாலத்தடியில் கூட்டம் நின்றதும் குல்லாயைக் கழற்றினார்.

“இத்தனை நாளும் தப்பு என்னுதுதான். உங்களையெல்லாம் வீணா வஞ்சேன்.”

அவர் வாயில் இப்படியொரு சொல்லை அதுவரை எவரும் கேட்டதில்லை. எல்லோரும் தௌவேயைப் பார்த்தனர்.

“நேத்து வரைக்கும் இது எழவு வீட்டுப் பாட்டாட்டம் இருந்துச்சு ஐயா,” என்றார் அவர், மீசைப்பனியைத் துடைத்தவாறு. “இன்னைக்கு என் காலே பாடுது. சாயங்காலம் இதையே வாசிச்சிருவோம். இப்ப இன்னொரு சுத்து வாங்க.”

ஒன்றல்ல, பொழுது சாயுமட்டும் ஒன்பது சுற்று ஆயின. வழிநெடுக மற்ற வாசிப்போரும் கழியில் தொற்றிக்கொண்டனர்.

அன்று மாலை, காற்றடித்துச் சிவந்த கன்னங்களோடு ஊர் திரண்டு அரங்கில் அமர்ந்திருந்தது. இரண்டாம் பகுதி எழுந்தபோது, எவரும் சொல்லாமலே, முன்வரிசை முதல் பின்வரிசை வரை தோள்கள் இடமும் வலமுமாய் அசையத் தொடங்கின. அவ்வசைவை முதுகாலேயே உணர்ந்த வீப்ரன் கோலைத் தாழ்த்தி நின்றார். பண் அவரின்றியே நடந்தது. அன்புடையீர், அந்தப் பனி நான்காம் நாளே உருகிப்போயிற்று. ஆயினும், தான் பெற்றதைத் தன்னைவிட நன்றாய் ஊரார் அறிந்திருப்பதைக் கண்டு மனமார மகிழும் பேறு படைப்பவர் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று; அது அன்று அவருக்கு வாய்த்தது.