படம் போடாத கேன்

"படம் இருந்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

"எந்தப் படம்?"

"இன்னா எந்தப் படம்ன்றே. கேன் மேல நீ ஒட்டுவியே, கைய அரிக்கிற படம், மண்ட ஓட்டுப் படம். நேத்து அண்ணாத்தே தொறந்துகினு இருந்த கேனுங்க ஒண்ணுத்துலயும் அது இல்ல. நான் பாத்தேன்."

ஷோபனா பந்தல் காலில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீலக் கயிறு. கோடவுனில் கேன்களை லாரியோடு இழுத்துக் கட்டுகிற அதே நீலம். விடிகாலை ஐந்தரையிலிருந்து அவள் எங்கும் உட்காரவில்லை. கால்கள் இருப்பதே மறந்துபோயிருந்தது.

"இப்ப வேணாம் சர்ஃபராஸ்" என்றாள்.

சர்ஃபராஸ் பூந்தமல்லியிலிருந்து பைக்கில் வந்திருந்தான். அவளுடைய அப்பா பூபாலனோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கெமிக்கல் கோடவுனில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். பூபாலன் இப்போது உள்ளே கண்ணாடிப் பெட்டியில் படுத்திருந்தார். பெட்டியின் மோட்டார் சற்று நேரம் உறுமும், பிறகு நின்றுவிடும். அது நிற்கும்போதெல்லாம் அழுதுகொண்டிருந்த பெண்களும் ஒரு கணம் நிறுத்திவிட்டு, பிறகு தொடர்ந்தார்கள். திருநின்றவூரில் அன்றைக்குக் காற்றே இல்லை. ஏரிப்பக்கமிருந்து வரவேண்டிய காற்றும் எங்கோ தங்கிவிட்டது.

சர்ஃபராஸ் போகவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"நான் கேட்டேன்மா அவர, தூர லாரியாண்ட நின்னுகினு. இன்னா அண்ணாத்தே, மாஸ்க் போடலியான்னு. 'பாப்பா படம் போடலடா, தண்ணி மாதிரி சரக்குதான்'னு சொன்னாரு."

அதைச் சொல்லிவிட்டு அவன் வேறு பக்கம் பார்த்தான்.

கோடவுனில் நடப்பது பெரிய ரகசியமான வேலை ஒன்றும் இல்லை. பெரிய பீப்பாய்களில் வரும் ஃபார்மிக் ஆசிட்டை ஐந்து லிட்டர் கேன்களில் ஊற்றி, மூடி, லேபிள் ஒட்டி அனுப்புவார்கள். தோல் பட்டறைகளுக்குப் போகும், ரப்பர் தோட்டங்களுக்குப் போகும். மரத்திலிருந்து வடித்த ரப்பர் பாலைக் கட்டியாக உறைய வைக்க அந்த ஆசிட்டைத்தான் சில சொட்டுகள் விடுவார்களாம். எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அதற்குள் இருப்பதும் இதுதான். எறும்பிடம் இருப்பது ஊசிமுனை அளவு. கோடவுனில் இருப்பது பீப்பாய் பீப்பாயாக.

ஊற்றுவது பூபாலன். லேபிள் அடிப்பது ஷோபனா. டிகிரி முடித்துவிட்டு ஒரு வருஷம் சும்மா இருந்தவளை அவர்தான் மேனேஜரிடம் சொல்லி அங்கே சேர்த்துவிட்டார். காலையில் அப்பாவும் பெண்ணும் ஒரே ரயிலில் போவார்கள். அவர் வாசலருகே நிற்பார், அவள் பெண்கள் பெட்டியில்.

பூபாலனுக்கு இங்கிலீஷ் வராது. தமிழையும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். கேனில் இருப்பது எல்லாமே இங்கிலீஷ். அவள் சேர்ந்த முதல் வாரமே சிவப்புக் கட்டம் போட்ட படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி அவருக்கு விளங்க வைத்தாள். கையில் சொட்டு விழுந்து அரிக்கிற படம் என்றால் கையுறையும் கண்ணாடியும். மண்டை ஓடு என்றால் மாஸ்க் போட்டு, ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டுத்தான் மூடியைத் தொட வேண்டும். தீப் படம் என்றால் பீடிக்கட்டை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். அன்றிலிருந்து பூபாலன் அதை ஒரு விரதம் போலப் பிடித்துக்கொண்டார். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். உன் பொண்ணு சோத்து டப்பாவுல படம் ஒட்டி அனுப்பினா அதையும் பாத்துட்டுத்தான் துன்னுவியா மாமே என்று. ஆமாண்டா, அப்படித்தான் என்பார்.

கொரோனா வந்து போனதிலிருந்து அவருக்கு மூக்கு போய்விட்டது. வீட்டில் கருவாடு வறுத்தாலும் தெரியாது. மற்றவர்கள் ஆசிட்டைக் காரவாடையில் கண்டுகொள்வார்கள், கண் எரிவதற்கு முன்னாலேயே நாலடி தள்ளிப் போய்விடுவார்கள். அவருக்கு அந்தப் படம்தான் மூக்கு.

லேபிள் கிழிந்திருந்தாலோ, மை அழிந்து சந்தேகமாக இருந்தாலோ, அதை மெதுவாக உரித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். சாயங்காலம் வீட்டில் விரித்து வைத்துக்கொண்டு, "இது இன்னா சரக்கும்மா?" என்று கேட்பார். அவள் சொல்வாள். அவர் தலையாட்டிக்கொள்வார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மார்த்தாண்டத்துக்குப் போக வேண்டிய நாற்பது கேன்களைப் பார்சல் சர்வீஸ் ஆள் திருப்பிவிட்டான். படம் இருக்கிற சரக்கை மளிகை மூட்டையோடு ஏற்ற மாட்டேன் என்று. தனி வண்டி பிடித்தால் கட்டுப்படியாகாது. மேனேஜர் கார்த்திகேசன் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அந்த ரெண்டு படத்தையும் எடுத்துடும்மா, 'ரப்பர் லிக்விட்'னு மட்டும் போட்டுடு என்றார். பத்து நிமிஷ வேலை. இரண்டு கட்டங்களைச் சொடுக்கி அழித்தாள். அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அதில் ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டதற்கு, சும்மா விடு என்று சொல்லிவிட்டார்.

மூடியையும் மாற்றினார்கள். அந்த ஆசிட் கேனுக்குள் சும்மா இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அதற்கென்று மூச்சுவிடும் துளை வைத்த மூடி உண்டு. துளையிருந்தால் லாரியில் வாடை வரும், ஆள் கண்டுபிடித்துவிடுவான். துளையில்லாத மூடியைப் போட்டு இறுக்கினார்கள். கேன்கள் வெயிலில் போய், வெயிலில் கிடந்து, வயிறு ஊதித் திரும்பி வந்தன. ரப்பர் தோட்டக்காரர்கள் வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். திரும்பி வந்ததற்கான சீட்டை ஷோபனாதான் அடித்தாள். அடித்தபோது ஒரு நிமிஷம் யோசித்தாள். அதில் என்ன இருக்கிறதென்று பின்கட்டு ஆட்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு டீ வந்தது.

நேற்று மதியம் அந்தக் கேன்களைத் திறந்து மறுபடி பீப்பாயில் ஊற்றச் சொல்லி பூபாலனைப் பின் ரூமுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மழை தூறியதால் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். பதினெட்டுக் கேன் ஊற்றியிருக்கிறார். தலை வலிக்கிறது என்று நாலு மணி ரயிலுக்கே வந்துவிட்டார்.

ஷோபனா வீடு வந்தபோது ஏழரை. அவர் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருமினார். சளி பிடிச்சிக்கிச்சு என்றாள் அம்மா கெங்கம்மாள். ரயிலில் அன்றைக்குக் கூட்டம், ஆவடி வரைக்கும் ஷோபனா ஒற்றைக்காலில் நின்று வந்திருந்தாள்.

"பாப்பா, உன்ன ஒண்ணு கேக்கணும்" என்றார் அவர்.

"காலைல கேளேம்பா."

சரி என்பதுபோல் கையைக் காட்டினார்.

அந்த ஆசிட்டுக்கான பாதுகாப்புத் தாளை அவள் நூறு தடவையாவது பிரதி எடுத்திருப்பாள். நாலாம் பகுதியில் ஒரு வரி வரும். மூச்சில் போயிருந்தால் பாதிப்பு பல மணி நேரம் கழித்தும் வரலாம், ஆளை உடனே மருத்துவரிடம் காட்டிக் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்று. விடிகாலையில் அவர் வாயில் நுரை தள்ளியபோதுதான் அந்த வரி அவளுக்கு ஞாபகம் வந்தது. வார்த்தை மாறாமல், புள்ளி உட்பட வந்தது. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தெருமுனை கிளினிக் டாக்டர் வந்து பார்த்தார். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, பீடி பிடிப்பாரா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அம்மா பதில் சொன்னாள். டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். ஷோபனா அவருக்குப் பேனா எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. சொல்வதென்றால் இப்போதே சொல்ல வேண்டும். அப்படியானால் போலீஸ் வரும். அவரைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுப்பார்கள். அந்த லேபிளை அடித்தது யார் என்று கேட்பார்கள்.

"இன்னும் இருவத்திரெண்டு கேன் கீது" என்றான் சர்ஃபராஸ். "நாளைக்கி என்னியத்தான் தொறக்கச் சொல்லிகிறாங்கோ."

அவள் அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள்.

"தொறக்காத. யாரையும் தொறக்க விடாத. நிழல்ல வெச்சி ஷட்டர முழுசா தூக்கி விடு. கிட்ட போவாத."

"அப்ப அது..."

"ஆமா."

 அவன் தெருவோரம் போய் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை உருவிப் போட்டு உட்கார்ந்தான். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டான்.

கார்த்திகேசன் ஒரு மணிக்கு ரோஜா மாலையோடு வந்தார். மாலையைப் போட்டார், கெங்கம்மாளைக் கும்பிட்டார். நல்ல மனுஷன், ஒரு நாள் லீவு போட்டதில்லை என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். பொய்யில்லை. பிறகு ஷோபனாவைப் பக்கத்து வீட்டு கேட் ஓரமாக அழைத்தார். கம்பெனி உன்னைக் கைவிடாது என்றார். எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள் என்றார். டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார். அவள் சொன்னதும் அவர் தோள்கள் கொஞ்சம் இறங்கின. தலைவலி என்று பூபாலன் கிளம்பிப் போனதிலிருந்து அவர் தூங்கவில்லை என்று கண்களில் தெரிந்தது.

"உன் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு மட்டும் சொல்லிடும்மா. ஒரு பழைய ஃபைல் பாக்கணும். நீ அலைய வேணாம், நானே பாத்துக்கறேன்."

"மறந்துடுச்சு சார்."

"ஷோபனா."

"ஞாபகம் வரல சார்."

 சாயங்காலம் போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பாஸ்வேர்டு அப்பாவின் பெயரும் அவர் பிறந்த வருஷமும்தான்.

இரண்டரைக்கு அவரை வெளியே எடுத்து பெஞ்சில் கிடத்தினார்கள். அத்தை நாகம்மா எண்ணெயும் சீயக்காயும் கொண்டுவந்தாள். பூபாலனுக்கு மூத்தவள், காலையிலிருந்து ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டியிருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. சட்டையைக் கழற்றியபோது நெஞ்சிலும் இடது முழங்கையிலும் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. விரல்களின் நுனித்தோல் வெந்த கிழங்கின் தோல் போல வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"இன்னா எம் தம்பிக்கு இவ்ளோ வேர்க்குரு" என்றாள் நாகம்மா. மஞ்சளைக் குழைத்து அந்தத் திட்டுகளின் மேல் பூசினாள். ஷோபனா செம்பில் தண்ணீர் மொண்டு அந்த விரல்களின் மேல் ஊற்றினாள். நிறையத் தண்ணீர் விட்டு, பதினைந்து நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும் என்று தாளில் இருக்கும். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். போதும்டி, குடம் காலியாவுது என்று யாரோ செம்பை வாங்கிக்கொண்டார்கள்.

புது வேட்டி கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, வாய்க்கரிசித் தட்டை வைத்தார்கள். பெண்கள் மூன்று சுற்று வந்து போட்டார்கள். ஷோபனா போட்ட அரிசி அவர் உதட்டில் தங்காமல் கன்னத்தில் வழிந்து காதோரம் விழுந்தது. பறைக்காரர்கள் தெருமுனையில் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தூக்குகிற நாலு பேர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். சர்ஃபராஸ் நாற்காலியிலிருந்து எழுந்தான். அவன் அவளையே பார்த்தான்.

"அம்மா எங்க?" என்று கேட்டாள் ஷோபனா.

கெங்கம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். அவர் துணிகளைக் கட்டிச் சுடுகாட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காக ஆணியில் மாட்டியிருந்த நேற்றைய சட்டையை எடுத்திருக்கிறாள். முன்பக்கம் நூல் இற்றுச் சிறு சிறு ஓட்டைகளாக இருந்த காக்கிச் சட்டை. அதை ஒரு தோளில் போட்டிருந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு சின்னத் தாள்.

"பையில இருந்துச்சு" என்றாள். அழுது முடித்துவிட்ட குரல். "இத்தத்தான் உங்கிட்ட கேக்கணும்னு வெச்சிருந்தாரு போல. பாப்பா தூங்கட்டும், எழுப்பாதேன்னு சொல்லிட்டாரு. ரெண்டு வாட்டி கேட்டாரு, பாப்பா எழுந்துச்சான்னு."

தூக்கவா என்று ஒருவன் கேட்டான். ஒரு நிமிஷம் இரு என்று கெங்கம்மாள் கையைக் காட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளை நிதானமாகப் பிரித்து, கட்டைவிரலால் மடிப்பை நீவினாள். பின்பக்கத்துப் பசையில் கேனின் வெள்ளைத் தூளும் பீடித்தூளும் ஒட்டியிருந்தன. மேலே பெரிய எழுத்தில் இரண்டு வார்த்தை. கீழே பேட்ச் நம்பர். நடுவில், படம் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு வெள்ளைக் கட்டங்கள். வெயில் அவற்றின் மேல் விழுந்து கண் கூசியது.

கெங்கம்மாள் அதை மகளின் கையில் வைத்தாள். குனிந்து, அவர் காதோரம் கிடந்த அரிசியை விரலால் ஒதுக்கினாள்.

"இதுல இன்னா எழுதிகீதுன்னு கொஞ்சம் சத்தமா படிம்மா. அவருக்கு கேக்கட்டும்."