இரண்டாம் பக்கத்துப் பாட்டு

குளியலறைத் தொட்டியின் அடியில் மல்லாந்து கிடந்து அடைத்துப்போன குழாயை சூசைதாசன் கழற்றிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. சனிக்கிழமை காலையில் அந்த மணியை அடிப்பவர்கள் பார்சல்காரர்கள், இல்லாவிட்டால் வேதப்புத்தகத்தோடு வருகிறவர்கள். மனைவி பற்றிமா வேலைக்குப் போய்விட்டாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை முறை வரும். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, செம்பட்டைத் தாடி வைத்த ஒருவன் நின்றான். எக்ஸ்ரே படம் கொண்டுவருகிறவனைப் போலத் தட்டையான சதுரப் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"நீங்கள் சூசாவா?" என்று டேனிஷில் கேட்டான்.

முப்பத்தொன்பது வருடமாக யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆம் என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அவன் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டான். பெயர் லாஸ்ஸ. ஓடென்ஸவில் சங்கீத ஆசிரியர். பழைய பங்க் இசைத்தட்டுகளைச் சேர்க்கிறவன், சின்ன அளவில், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு புத்தகம் சேர்த்து, மறுபடியும் வெளியிடுகிறவன். பைக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு காகித உறை என்று வெளியே எடுத்து, மேசையைக் கையால் தடவி ஈரமில்லை என்று உறுதிசெய்த பிறகே அதை வைத்தான்.

கறுப்பு வெள்ளையில் நகலெடுத்த படம். கோல்டிங் துறைமுகத்துச் சுவருக்கு முன்னால் நான்கு இளைஞர்கள். கடைசியில் நிற்பவன் கறுத்து மெலிந்து, தோளுக்குப் பொருந்தாத இரவல் தோல் சட்டையோடு, குளிரில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். மேலே குழுவின் பெயர்: தோம்ம ஸ்கூஃபர். வெற்று மேசை லாச்சிகள் என்று அர்த்தம். பின்பக்கத்தில் கையெழுத்தில், 'மேளம்: சூசா'.

எண்பத்தைந்தில் அவர் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது அகதிகளை ஒரு பழைய ஹோட்டலில் வைத்திருந்தார்கள். கிழமைக்கு ஒருநாள் இளைஞர் மன்றத்துக்குக் கூட்டிப்போவார்கள். மற்றவர்கள் அங்கே கரம் பலகை இல்லாததால் மேசைப்பந்து விளையாடினார்கள். இவர் நிலவறையில் தனியாகக் கிடந்த மேளங்களைக் கண்டு போய் உட்கார்ந்தார். மன்னாரில் மாதா கோவில் பெருநாட்களுக்கு பாண்ட் அடித்த கை. மேளகாரன் விட்டுப்போய் ஆறு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்த ரொர்பனும் மற்ற இருவரும் படிகளில் நின்று கேட்டுவிட்டு, அடுத்த கிழமையும் வா என்றார்கள். பங்க் என்றால் என்ன என்று கேட்டதற்கு, மூன்று சுருதி தெரிந்தால் போதும், மிச்சத்துக்குக் கோபம் இருந்தால் போதும் என்று ரொர்பன் சொன்னான். எழுபத்தொன்பதில் தொடங்கிய குழு அது. ஏழு வருடம் கத்திக் களைத்து, கலைந்துபோகும் தறுவாயில், எண்பத்தாறு பெப்ரவரியில் ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையில் ஒரே நாளில் ஒரே ஒரு தட்டைப் பதிவு செய்தது. முந்நூறு பிரதிகள். பாதி ரொர்பனின் தகப்பன் வீட்டு நிலவறையில் தண்ணீர் ஏறி அழிந்தது. இப்போது உலகம் முழுவதிலும் நாற்பது இருக்கலாம் என்றான் லாஸ்ஸ. ஜப்பானில் ஒருவன் ஒரு பிரதிக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறானாம்.

"ரொர்பன்?"

"இறந்து பன்னிரண்டு வருடம். உங்களைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது." அவன் தட்டைத் திருப்பினான். "நான் வந்தது இரண்டாம் பக்கத்துக்காக."

பதிவு நடந்த அன்று பின்னேரம், பாடுகிற ரொர்பனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு பாட்டு மிச்சம் இருந்தது. நீ கத்து சூசா, உன்னுடைய மொழியிலேயே கத்து, இங்கே யாருக்கு விளங்கப்போகிறது என்றான். மேளத்தின் மேலே ஒலிவாங்கியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. அடித்து முடித்தார். மூன்று பொடியன்களும் அவரைக் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். அன்றிரவு, ஊரை விட்டு வந்த பிறகு முதல்முறையாக, விடியும்வரை நித்திரை கொண்டார்.

லாஸ்ஸ ஒரு தாளை நீட்டினான். பாட்டு இணையத்தில் வந்து ஒரு வருடமாகிறது, முதலில் துருக்கி மொழி என்றும் அரபு என்றும் ஆளாளுக்குச் சொன்னார்கள், கடைசியில் ஹ்விடோவ்ரேயில் இருக்கும் கனகசபை என்ற பெரியவர் கேட்டு மொழிபெயர்த்துத் தந்தார் என்றான். டேனிஷில் நாலே வரிகள். *ஸ்ரிபன், நான் உள்ளே இருந்தேன். நீ தட்டியது கேட்டது. நான் திறக்கவில்லை. நான் திறக்கவில்லை.*

"எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது" என்றான் லாஸ்ஸ. அவன் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. "அந்த வருடம்தானே இங்கே அகதிச் சட்டத்தை இறுக்கினார்கள். உள்ளே இருக்கும் ஐரோப்பா, வெளியே தட்டுகிறவன். ஸ்ரிபன் என்று ஒரு கிறிஸ்தவப் பெயரை வைத்தீர்களே, அதுதான் பெரிய விஷயம். கனகசபை உங்களைக் கவிஞர் என்கிறார். அப்படித்தானே?"

சூசைதாசன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒரு வாசலைத் தானே செய்து திறந்து வைத்துவிட்டு நின்றான். அதற்குள் போய்விடுவது மிகச் சுலபமாக இருந்தது.

"ஆம்" என்றார்.

அவன் போன பிறகு அவர் குழாயிடம் திரும்பிப் போகவில்லை. மேசையிலேயே இருந்தார்.

ஸ்ரிபன் பற்றிமாவின் அண்ணன். சூசைதாசனின் வயதுக்காரன், ஒரே வகுப்பு. எண்பத்து நான்கு ஆவணியில் ஆமி மன்னாரைச் சுற்றி வளைத்த காலையில் அவன் ஒழுங்கைகளுக்குள்ளால் ஓடி வந்து ஏதோ ஒரு கதவைத் தட்டினான். எதிர்வீட்டுக் கிழவிக்குத் தட்டுகிற சத்தமும் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. எந்தக் கதவு என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை முடிவில் வெடிச்சத்தம். அப்போது பற்றிமாவுக்குப் பதினேழு வயது. தமையன் செத்தது ஒரு துக்கம் என்றால், யாரோ ஒருவன் கதவைத் திறக்காமல் விட்டான் என்பது அவளுக்கு வேறொரு துக்கமாக வளர்ந்தது. சூசைதாசன் முந்தின நாளே பேசாலைக்கு மாமி வீட்டுக்குப் போய்விட்டதாக எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவர், பின் அறைச் சாவி அவரிடம் இருந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தொண்ணூற்றிரண்டில் அவளைக் கட்டி டென்மார்க்குக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு ஆவணியிலும் இங்கே கோவிலில் ஸ்ரிபனுக்குப் பூசை கொடுப்பார்கள். பூசை முடிந்து காரில் வரும்போது அவள் தவறாமல் ஒரு வசனம் சொல்வாள். "திறக்காதவன் எங்கயோ பிள்ளை குட்டியோட இருப்பான் என்ன?" அவர் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டே வருவார்.

பின்னேரம் மகள் ஜெசிக்கா ஓர்ஹூஸிலிருந்து தொலைபேசி எடுத்தாள். லாஸ்ஸ அவளுக்கும் எழுதியிருக்கிறான். டேனிஷில் மூச்சுவிடாமல் பேசினாள். அப்பா பங்க் குழுவில் மேளம் அடித்தாரா, ஏன் ஒருநாளும் சொல்லவில்லை, கூட வேலை செய்கிற எல்லோருக்கும் படத்தை அனுப்பிவிட்டேன், நாளைக்கு வருகிறேன், அம்மாவுக்கு நான்தான் போட்டுக் காட்டுவேன், அதுவரை சொல்லாதீர்கள். கடைசியில் தமிழில், "அப்பா, நான் சரியான சந்தோசம்" என்றாள். அவர் அவளைத் தடுப்பதற்கு ஒரு காரணம் தேடினார். கிடைத்த ஒவ்வொரு காரணமும் இன்னொரு பொய்யாக இருந்தது. கவிதை என்று பற்றிமாவிடமும் சொல்லலாம். ஆனால் அந்தத் தட்டில் கத்துகிறவன் கவிதை சொல்லவில்லை என்பது மன்னாரில் பிறந்த யாருக்கும் முதல் வரியிலேயே விளங்கும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பற்றிமா கணவாய் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். ஜெசிக்காவுக்குப் பிடிக்கும் என்று உறைகணவாய் இரண்டு பெட்டி எடுத்து வைத்திருந்தாள். அவர் குசினி வாசலில் வெகுநேரம் நின்றார்.

"பற்றிமா, கத்தியை ஒருக்கா வையும். ஒண்டு சொல்லோணும்."

"சொல்லுங்கோ. கை நாறுது, நான் இதை முடிச்சிட்டுத்தான் கழுவுவன்."

"ஸ்ரிபன் தட்டின கதவு சங்கக்கடைப் பின்கதவு. நான் உள்ளுக்கு இருந்தனான்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. தண்ணீரை நிற்பாட்டினாள். கத்தியைத் தொட்டிக்குள் வைத்தாள்.

"நீங்கள் பேசாலையில எல்லோ நிண்டனீங்கள்."

"இல்லை."

அவள் துவாயை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அவர் கத்தலை எதிர்பார்த்திருந்தார், அடியைக்கூட எதிர்பார்த்திருந்தார். நாற்பத்தொரு வருடமாக அந்தக் காட்சியை எத்தனையோ விதமாக மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அவள் கேட்டது அவற்றில் ஒன்றிலும் இருக்கவில்லை.

"எத்தினை தரம் தட்டினவன்?"

"மூண்டு தரம். பிறகு கொஞ்சம் விட்டு ரெண்டு தரம்."

"கூப்பிட்டவனோ?"

"ஓம். 'சூசை, நான்தான்' எண்டு."

"வேற?"

"'அம்மாட்டச் சொல்லு' எண்டான். என்ன சொல்லச் சொன்னவன் எண்டு தெரியேல்லை. அதுக்குள்ள சப்பாத்துச் சத்தம் கிட்ட வந்திட்டுது. அவன் ஓடீட்டான். என்ர கை தாழ்ப்பாளிலதான் இருந்தது, பற்றிமா. கை வரேல்லை."

"அம்மா செத்தது ரெண்டாயிரத்து நாலில" என்றாள் அவள். கணக்குப் பார்க்கிறவளைப் போல அல்ல, ஒரு சாமான் எங்கே இருக்கிறது என்று சொல்கிறவளைப் போலச் சொன்னாள். "இருவது வருசம், கடைசியா என்ன சொன்னவனோ, என்ன சொன்னவனோ எண்டு கேட்டுக்கொண்டே செத்தவ. நீங்கள் போனில அவவுக்கு ஆறுதல் சொன்னனீங்கள்."

துவாயை மடித்துத் தொட்டி ஓரத்தில் வைத்தாள்.

"இதுக்காகத்தானோ என்னைக் கட்டினனீங்கள்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "முதல்ல ஓம்" என்றார். "பிறகு இல்லை."

அவள் முதன்முதலாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. முப்பத்து மூன்று வருடம் கூட இருந்தும் அப்படி ஒரு முகத்தை அவர் அவளிடம் கண்டதில்லை. "இதை எப்ப சொல்லலாம் எண்டு இருந்தனீங்கள்? ஏன் இண்டைக்கு?" என்று கேட்டாள். அவர் தட்டைப் பற்றிச் சொன்னார். ரொர்பனைப் பற்றியும் கொட்டகையைப் பற்றியும் லாஸ்ஸவிடம் ஆம் என்று சொன்னதைப் பற்றியும் ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லி முடிக்கும்போது ஜெசிக்கா படியேறி வருகிற சத்தம் கேட்டது.

கேக் பெட்டியும் சின்ன ஒலிபெருக்கியும் கையுமாக உள்ளே வந்தவள் இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். என்ன நடந்தது என்று டேனிஷில் கேட்டாள்.

"போடு பிள்ளை" என்றாள் பற்றிமா. "அப்பான்ர பாட்டைக் கேப்பம்."

முதலில் இரைச்சல்தான் வந்தது. தகரக் கூரையில் கல் விழுவது போல மேளம், அதற்கு மேல் கிற்றார் கீறிக்கொண்டு போனது. பிறகு குரல். இருபத்திரண்டு வயதுக் குரல், மன்னார்ப் பேச்சு, மூச்சு முட்ட முட்ட. ஸ்ரிபன், நான் உள்ளுக்குத்தான்ரா இருந்தனான். நீ தட்டினது கேட்டதடா. திறக்கேல்லை, திறக்கேல்லை. கனகசபையின் மொழிபெயர்ப்பில் இல்லாத ஒன்றும் கடைசியில் இருந்தது. அது சொல்லாக இருக்கவில்லை. சூசைதாசன் அதை மறந்தே போயிருந்தார். ஜெசிக்கா தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தமிழ் வீட்டுச் சாமான்களுக்கும் சாப்பாட்டுக்கும் போதுமானது. ஆனால் அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். வரவேற்பறைச் சுவரில் படமாக இருக்கிறவர்.

"எங்கட ஸ்ரிபன் மாமாவோ?" என்றாள் மெதுவாக, தமிழில்.

"திருப்பிப் போடு" என்றாள் பற்றிமா.

மூன்று முறை கேட்டாள். உட்காரவில்லை. மூன்றாம் முறை முடிந்ததும், "அழுதிருக்கிறியள்" என்றாள் அவரைப் பார்க்காமல். "என்னட்ட வந்து அழுதிருக்கலாம். வெள்ளைக்காரப் பொடியளிட்டப் போய் அழுதிருக்கிறியள்." பிறகு கேட்டாள். "அந்தப் பொடியன் தட்டோட போடுற புத்தகத்தில என்னெண்டு போடப்போறான்?"

"கவிதை எண்டு. அகதிச் சட்டத்தைப் பற்றின கவிதை எண்டு."

"அவனுக்குச் சொல்லுங்கோ, கவிதை இல்லை எண்டு. அண்ணன்ர முழுப் பேரும் போடச் சொல்லுங்கோ. பிறந்த வருசம், செத்த வருசம். எந்தக் கதவெண்டும் போடச் சொல்லுங்கோ. உள்ளுக்கு ஆர் நிண்டது எண்டும்."

"ஊர் முழுக்க வாசிக்கும், பற்றிமா."

"வாசிக்கட்டும்."

அவள் குளிர்ச்சட்டையை எடுத்தாள். பெட்டி ஒன்றும் அடுக்கவில்லை, கைப்பையை மட்டும் எடுத்தாள். வெட்டிய கணவாயைக் குளிர்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, "வா, உன்ர வீட்டை போவம்" என்று மகளிடம் சொன்னாள். ஜெசிக்கா தகப்பனைக் கட்டிப்பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் அவருடைய முழங்கையை ஒருமுறை தொட்டுவிட்டுப் பின்னால் போனாள்.

சூசைதாசன் ஜன்னலடிக்கு வந்தார். இரண்டு மாடிக்குக் கீழே வாகனத் தரிப்பிடம். மழை தூறத் தொடங்கியிருந்தது. பற்றிமா காரின் முன்கதவைத் தாண்டிப் போய்ப் பின் ஆசனத்தில் ஏறுவது தெரிந்தது. அவர் லாஸ்ஸ விட்டுப்போன அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மணி போயிற்று. கீழே காரின் பின்புற வெள்ளை விளக்குகள் எரிந்தன. அது பின்னுக்கு வரவில்லை. விளக்கு எரிந்தபடியே நின்றது. பின்கண்ணாடியில் உள்ளிருந்து மூச்சின் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகப் படர்ந்து, அவளுடைய தலையை மறைத்துக்கொண்டு வந்தது.

"ஹலோ?" என்றான் லாஸ்ஸ. "சூசா, நீங்களா?"

"சூசைதாசன் பேசுறன்" என்று தமிழிலேயே தொடங்கிவிட்டார். பிறகு நிறுத்தி, சரியான டேனிஷ் சொல்லைத் தேடினார். கீழே, ஈரத் தாரில் அந்த இரண்டு வெள்ளை வெளிச்சமும் அசையாமல் கிடந்தன.