கீழ்வீட்டுக் கிண்ணம்

இம்பாபாப் பேட்டையில் இன்ஷிராஹுக்கு மொட்டைமாடிதான் சோறு போட்டது. பாலாடைக்கட்டி வந்த பழைய டின்களில் முலூகியாக் கீரை வளர்த்தாள். சந்தை கலையும்போது அள்ளி வரும் முட்டைக்கோஸ் இலைகளைப் போட்டு ஒரு முயலும் வளர்த்தாள். குட்டி போட்டிருந்த அந்த முயல் புதன்கிழமை காணாமல் போனது. வெள்ளிக்கிழமைக்குள் நான்கு குட்டிகளும் பாலில்லாமல் செத்தன.

அன்று மதியம் கீழ்வீட்டு தவ்லத் முலூகியாக் குழம்பில் பூண்டைத் தாளித்துக் கொட்டினாள். ருசி கூட வேண்டுமென்று எல்லாப் பெண்களும் அப்போது இழுக்கும் மூச்சை அவளும் ‘ஹா’வென்று இழுத்தது மாடிவரை கேட்டது. பிறகு ஒரு கிண்ணத்தோடு ஏறி வந்தாள்.

“இந்தாங்கக்கா, முயல் கறி. எத்தன நாளைக்குத்தான் தழையவே திம்பீங்க.”

“எங்க வாங்கின?”

“வாங்கல. காசில்லாம சாப்பிட உங்ககிட்டதான கத்துக்கிட்டேன்.”

இன்ஷிராஹ் ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டாள். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அந்தத் தெருவில் மரியாதையில்லை. கழுவி, நான்கு குட்டிகளையும் அதில் அடுக்கி, மேலே கீரையைப் பரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“நம்ம மாடிக் கீரைதான். ஆய்ஞ்சுக்கோ.”

இன்ஷிராஹ் படியேறும்போது கீழே மறுபடியும் அந்த மூச்சு கேட்டது. இந்தத் தடவை அடுப்பு எரியவில்லை.