ஐந்து பேர் வேலை பார்த்த கடை

கணவருக்குக் கடைசியாகப் போட்டுவிட வேண்டிய நீலச் சட்டையை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"உங்க மேனேஜர் இன்னும் வரலையாம்மா?"

ஆயத்த ஆடைக் கம்பெனி முதலாளி. கூடத்தில் கிடத்தியிருந்த உடலைப் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எந்த மேனேஜர்?"

"கறாரான ஆளும்மா. அவசரம்னு பத்து மெசேஜ் போட்டாலும் 'வரிசைப்படிதான்'னு ஒரே பதில். இன்னைக்காவது நேர்ல பாக்கலாம்னு நெனச்சேன்."

தையல் மெஷின் பழுது பார்க்கிற கடை அது. வீட்டின் முன்னறைதான் கடை. முதலாளி, மெக்கானிக், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் ஒரே ஆள். அந்த ஒரே ஆளும் இன்று காலை பல் தேய்க்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். மேனேஜராம், மேனேஜர். மனுஷர் வேறு எந்தக் கடையையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

அடுத்து வந்தவள் அப்படிச் சுலபமாக விடவில்லை. பக்கத்துத் தெருத் தையல்காரி. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, உங்க கஸ்டமர் கேர்ல ஒரு அம்மா இருக்காங்களே, அவங்க வருவாங்கல்ல?"

"யாரு?"

"பேரு தெரியாதுக்கா. ரெண்டு வருஷமா மெசேஜ்லயேதான் பழக்கம். என் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனப்ப அவங்க சொன்ன சொல்லுலதான் நான் எழுந்து உக்காந்தேன். சாருக்கு ரொம்ப வேண்டியவங்க போலிருக்கு. அவங்களுக்கு எப்படித் தாங்குமோ."

சூடு சட்டையில் ஏறிய வாடை வந்த பிறகுதான் அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள்.

முப்பத்தோரு வருஷக் குடித்தனம். சாயங்காலமானால் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். என்ன சிரிப்பு என்று எட்டிப் பார்த்தால், "ஆபீஸ் விஷயம்மா" என்பார். அவளும் பைத்தியக்காரி மாதிரி நம்பிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். நாலு மணிக்கு மயான வண்டி வந்துவிடும். அதற்குள் அந்த அம்மா யாரென்று தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த மனுஷனை எந்த முகத்தோடு அனுப்பி வைப்பது? சண்டை போடக்கூட ஆள் இருக்காதே.

தன் தம்பியை அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று அவர் அணைக்காமல் விட்ட கம்ப்யூட்டர் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. இதை வாங்கிய புதிதில் மூன்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்தார்கள். "தனியாளுக்கு எது இல்லாம முடியாதோ, அந்த மென்பொருள் மட்டும் போதும்" என்று பட்டியல் போட்டார். கடிதம் அடிக்க ஒன்று. யார் மெஷின் என்றைக்கு என்று குறிக்க ஒன்று. விளம்பரப் படம் வரைய ஒன்று என்றபோது, "உங்க கையெழுத்தே யாருக்கும் புரியல, இதுல படம் வேறயா?" என்று அவள் கையை நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே பென்சிலைக் கொடுத்ததும் அந்த வரியை அடித்துவிட்டாள். என்ன சந்தோஷமான நாட்கள் அவை.

கடைசியாக நின்றது வாடிக்கையாளர் குறை கேட்கிற மென்பொருள். ஐந்து பேர் வரை பயன்படுத்த ஒரே விலை என்றான் விற்க வந்தவன்.

"ஒத்த ஆளுக்கு எதுக்குங்க அஞ்சு பேரோட இடம்?"

"இருந்துட்டுப் போகட்டும்மா. ஒருத்தனே நடத்துற கடைன்னா யாரு மதிக்கறா?"

அவள் மவுஸைப் பிடித்து அசைத்தாள். திரை விழித்தது. ஓரத்தில் ஐந்து பெயர்கள் வரிசையாக நின்றன. முதலாளி. மேனேஜர். மெக்கானிக். டெலிவரி. கஸ்டமர் கேர். ஐந்துக்கும் நேரே ஒரே படம், அவருடைய வழுக்கைத் தலை.

"அடப்பாவி மனுஷா" என்றாள் வாய்விட்டு.

ஆனாலும் கஸ்டமர் கேரைத் திறந்து, தையல்காரியின் பெயரைத் தேடி, இரண்டு வருஷத்துக்கு முந்தைய பக்கத்துக்குப் போனாள்.

'மெஷின் எங்க போயிடப்போகுது? சாப்பிட்டியா நீ? அதைச் சொல்லு முதல்ல.'

'அழுறதுன்னா நல்லா அழுதுடு. துணிய மட்டும் நனைச்சுடாத, அடுத்தவங்க துணி.'

'போனவன் போகட்டும். கத்திரிக்கோல் உன் கையிலதானே இருக்கு?'

மூன்றாவதை அவள் திரும்பவும் படித்தாள். தொழில் கூட்டாளி பாதியில் கழன்றுகொண்டு போன அன்று இவர் இதே அறையில் சுருண்டு கிடந்தார். "போனவன் போகட்டும். திருப்புளி உங்க கையிலதானே இருக்கு?" என்று அவள்தான் சொன்னாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டதற்கு, எப்பப் பாரு சோத்து நெனப்பு என்று அன்றைக்கும் சிடுசிடுத்தார். சொல்வது எதுவும் இவர் காதில் ஏறாது என்றுதான் இத்தனை வருஷமும் அவள் குறைபட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல் விடாமல் எடுத்து வைத்திருக்கிறார். ஊருக்கே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, மேஜையில் தலையைச் சாய்த்து அழுதாள்.

"அக்கா, வண்டி வந்துடுச்சு" என்று தம்பி கதவைத் தட்டினான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசல் பெஞ்சில் தையல்காரி இன்னும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா வரவே இல்லையேக்கா. ஒரு தடவையாவது கையைப் பிடிச்சுக்கணும்னு இருந்தேன்."

அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியா நீ?" என்றாள். "அதைச் சொல்லு முதல்ல."

தையல்காரி சட்டென்று திரும்பினாள். அக்காவின் முகத்தையே பார்த்தாள். பிறகு தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

வண்டிக்காரர் முன்னும் பின்னுமாக ஓட்டி வண்டியைத் திருப்பி நிறுத்தும் வரை, கையைக் கோத்துக்கொண்டு இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.