குழந்தைக்கு முன்னால் கிளம்பிய சேதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு மின்சார ரயிலில் கிடைத்தது. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, திருநின்றவூர் தாண்டும்போது, மஞ்சள் வேட்டி கட்டிய கூட்டம் ஒன்று சாலையோரமாகத் திருப்பதிக்கு நடந்துகொண்டிருந்தது. ஒருவர் மட்டும் நின்று செல்போனில் பேசினார். பேசி முடித்தவர் கூட்டத்தைப் பார்த்தார், வந்த வழியைப் பார்த்தார். அதற்குள் ரயில் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவருக்கு என்ன சேதி வந்திருக்கும் என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது.

செல்போன் இருந்தால் கதை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால் சுதந்திரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் போய்விட்டேன். அங்கே சேதியும் நடந்துதான் வந்தாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "கோதண்டம் அம்பத்தூரிலிருந்து விடியற்காலையில்…" வேண்டாம். கதைகளில் எல்லாரும் விடியற்காலையில்தான் கிளம்புகிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: கோதண்டத்தின் மனைவி வரலட்சுமி போன வருஷம் விஷ ஜுரத்தில் படுத்தாள். வைத்தியர் கையை விரித்துவிட்டார். இவள் எழுந்தால் நடந்தே வருகிறேன் என்று கோதண்டம் ஏழுமலையானுக்கு நேர்ந்துகொண்டார். எழுந்தாள். சொன்ன சொல் தவறினால் ஜுரம் திரும்பி வந்துவிடும் என்ற பயம் அன்றிலிருந்து அவரை விடவில்லை.

இதையே வைத்துக்கொள்கிறேன். அம்பத்தூர் கோஷ்டியோடு ஆவடி தாண்டி, வெயில் சாயும் நேரத்தில் கோதண்டம் திருநின்றவூர் ஏரிக்கரையில் ஏறினார். அந்த ஊரில்தான் அவர் தம்பி உலகநாதன் மாமனார் வீட்டோடு இருக்கிறான். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

(சண்டைக்கு மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். பங்குக் கிணறுதான் நின்றது. தம்பியின் முறைநாளில் அண்ணன் மாட்டைப் பூட்டித் தண்ணீர் இறைத்துவிட்டார். இனிமேல் நீ எனக்கு அண்ணன் இல்லை என்றான் தம்பி, ஊர் பார்க்க. எனக்குத் தம்பியே பிறக்கவில்லை என்றார் இவர். தண்ணீர் என்னவோ அரைக்காணிக்குத்தான் பாய்ந்தது.)

கரையில் ஓர் ஆள் காத்திருந்தான். உலகநாதனின் மாமனார் வீட்டுப் பண்ணையாள், சின்னப்பையன்.*

"நைனா, உங்க தம்பி ஊட்ல ஆம்பளப் புள்ள பொறந்துகீது. பங்காளிக்குத் தீட்டாம். சொல்லிட்டு வரச் சொன்னாரு."

* பேர்தான் சின்னப்பையன். வயசு ஐம்பதுக்குக் குறையாது. பெற்றவள் வைத்த பேர், நான் என்ன செய்ய.

3

இங்கே கதையை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு விஷயம். பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்தால் பத்து நாள் தீட்டு, கோயிலுக்குப் போகக் கூடாது. ஆனால் சேதி காதில் விழுந்தால்தான் தீட்டு. முறிந்துபோன உறவுக்கு யாரும் ஆள் விட்டுச் சொல்வதில்லை. உலகநாதன் ஆள் விட்டான் என்றால், அண்ணன் இன்னும் அண்ணன்தான் என்று ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம்.

தீட்டை ஏற்றுக்கொண்டால் கோதண்டத்துக்குத் தம்பி உண்டு, யாத்திரை இல்லை. காதில் விழாத மாதிரி நடந்தால் யாத்திரை உண்டு, தம்பி இல்லை.

கோஷ்டி நிற்கவில்லை. கோவிந்தா, கோவிந்தா என்ற குரல் தண்ணீர்மேல் தேய்ந்துகொண்டே போயிற்று. கோதண்டம் கரையைவிட்டு இறங்கினார்.

4

வாசலில் போய் நின்றபோது உள்ளே குழந்தை அழவில்லை. உலகநாதனின் மனைவி சொர்ணம்தான் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். மருத்துவச்சி அவளை அதட்டும் குரல் கேட்டது. பிள்ளை இன்னும் பிறக்கவேயில்லை. கோஷ்டி கரையைத் தாண்டிவிட்டால் அண்ணன் கிடைக்கமாட்டார் என்ற அவசரத்தில், வலி கண்டதுமே உலகநாதன் சேதியை அனுப்பிவிட்டான்.

ஆக, தீட்டு இல்லை. கோதண்டத்தின் கால் இன்னும் சுத்தமாகத்தான் இருந்தது. வாசலில் ஈ காக்கை இல்லை. தம்பி கொல்லையில் வெந்நீருக்கு விறகு பிளக்கும் சத்தம் வந்தது. ஓட்டமாகப் போனால் கோஷ்டியைப் பிடித்துவிடலாம். வரலட்சுமியின் ஜுரமுகம் கண்முன் வந்தது. அவருக்குப் பயமாக இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது.

அங்கே கிடந்த கட்டைவண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார். ஏனென்றால்

(நான்கு காரணம் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். உட்கார்ந்தார், அவ்வளவுதான்.)

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குழந்தை பிறந்தது. பெண். கொல்லையிலிருந்து ஓடிவந்த உலகநாதன் அண்ணனைப் பார்த்தான். எப்போது வந்தார் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

5

பத்து நாளும் அண்ணனும் தம்பியும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் சாப்பிட்டாரா கேள் என்பான் உலகநாதன், பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளிடம். சொர்ணம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள். அவள் இருக்கிற இருப்பில் இது வேறு.

படுத்தாலும் கோதண்டத்தின் கால் மட்டும் நடந்துகொண்டே இருந்தது. பாய்க்கு அடியில் சாலை ஓடியது. ஏரியிலிருந்து எழுந்த பனி சுவருக்குள் புகுந்து வந்தது. புளியமரங்கள் ஒவ்வொன்றாகத் தலைமாட்டில் நின்று பார்த்துவிட்டுப் பின்னால் போயின. முன்னே போகிற கூட்டத்தில் வரலட்சுமியும் இருந்தாள், ஜுரத்தில் கொட்டியது போக மிச்சமிருந்த கூந்தலை முடிந்துகொண்டு. எட்டிப் பிடிக்கப் போகும்போது குழந்தை அழும். விழித்துக்கொள்வார். விழித்த பிறகும் கொஞ்ச தூரம் நடப்பார்.

6

பதினோராம் நாள் வீடு மெழுகித் தீட்டுக் கழித்ததும் கிளம்பினார். விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, அம்பத்தூருக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து நடக்க வேண்டுமா?

முடிவு (அ): அம்பத்தூருக்கே போகிறார். வரலட்சுமி வாசலில் நிற்கிறாள், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளைப் பார்த்தால் பயம் போய்விடும். பயம் போன மனுஷன் எதற்கு அவ்வளவு தூரம் நடக்கிறார்?

முடிவு (ஆ): தம்பி அண்ணன் காலில் விழு… உலகநாதன் விழுகிற ஆள் இல்லை. பேனா கூசியது.

அதனால் ஏரிக்கரைக்கே கூட்டிப்போகிறேன். மழையில் கால்தடமெல்லாம் அழிந்திருந்தது. குத்துமதிப்பாக ஓரிடத்தில் நின்று கும்பிட்டுவிட்டுக் கோதண்டம் நடக்கத் தொடங்கினார். வழியனுப்புகிற சாக்கில் இருபதடி பின்னால் உலகநாதன் வந்தான். கரை முடிந்தும் திரும்பவில்லை. அண்ணனின் வேண்டுதல் ஊரறிந்த விஷயம். பொய் சொல்லி அதைக் கெடுத்துவிட்டோம், அண்ணிக்கு ஏதாவது ஆனால் நம் தலையில்தான் விடியும் என்று பத்து நாளாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான்.

கோதண்டம் நின்றார்.

"ஒலகநாதா, அன்னிக்கே எனக்குத் தெரியும். நான் ஊட்டாண்ட வந்து நின்னப்போ கொழந்த பொறக்கவேயில்ல. திரும்பிப் போயிருக்கலாம். போவல."

உலகநாதனும் நின்றுவிட்டான்.

அடுத்த வரி அவனுடையது. அது என்னிடம் இல்லை என்று சொன்னால் பொய். ஏழெட்டு எழுதி வைத்திருந்தேன், ஒன்றில் அவனும் திருப்பதிவரை நடந்தான். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். ஆறு வருஷம் கழித்து அண்ணன் தம்பி பேசப்போகிறார்கள், பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் இங்கேயே நின்றுகொள்கிறேன். உங்களுக்கு மனசு கேட்காவிட்டால் கிட்டே போய்க் கேளுங்கள். கேட்டதை என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.