நான்கு கூட்டில் ஒரே படம்

விஷால் தினமும் காலையில் தன் கணினிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பான். பிறகு அதே விரலால் பொய் செய்யத் தொடங்குவான். பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் கும்பிடைத்தான் மோகனப்பிரியாவால் பொறுக்க முடியவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் அவர்கள் அலுவலகம். பிறருக்கு இணையதளம் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி. விஷால் அவளுடைய டீம் லீட். ஒரு பக்கத்தில் எழுத்தும் நிறமும் பெட்டியும் பட்டனும் எங்கே எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல் ஷீட்டை எழுதுவது அவள் வேலை. எழுதியது எல்லா பிரவுசரிலும் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்ப்பது அதைவிடப் பெரிய வேலை. ஒன்றில் நிமிர்ந்து நிற்கிற பெட்டி இன்னொன்றில் குப்புறக் கிடக்கும்.

அந்தப் பெரிய வேலையை விஷால் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான். தன் புது போனில் தளத்தைத் திறந்து ஒரு படம் எடுத்தான். இணையத்தில் சும்மா கிடைக்கிற, திரை காலியான போன் படங்கள் நான்கை இறக்கி, அந்த ஒரே படத்தை நான்கிலும் ஒட்டினான். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிரவுசரின் பெயர், ஒரு பச்சை டிக்.

"நாலு போன்லயும் ஒரே மணி காட்டுது. பேட்டரிகூட ஒரே அளவு," என்றாள் மோகனப்பிரியா.

"கூடு விட்டுக் கூடு பாயறதுன்னு கேள்விப்பட்டதில்ல? நம்ம சித்தர் பரம்பரை ப்ரியா."

பக்கத்து மேசைகள் சிரித்தன. அது ஏதோ ஜவுளிக்கடைத் தளமாக இருந்தாலாவது அவள் தொலைகிறது என்று விட்டிருப்பாள். ஆவடிப் பக்கம் உள்ள ஒரு டயாலிசிஸ் மையத்தின் தளம் அது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து நோயாளிகள் எல்லோரும் அதில்தான் தங்கள் நேரத்தைப் பதிய வேண்டும். மையத்தின் பொறுப்பாளர் ராஜகுமாரி அம்மா ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒன்றைத்தான் கேட்பார்: "எங்க ஆளுங்ககிட்ட பழைய போன்தாம்மா இருக்கும். அதுல வருமா?"

அதற்கான பதில்தான் இந்த நான்கு பச்சை டிக்.

அலுவலகத்தில் பழைய போன் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "அதெல்லாம் எதுக்கு, ரெண்டு பர்சென்ட் பேருகிட்டதான் இருக்கும்" என்பான் விஷால். மோகனப்பிரியா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

பட்டறையை ஒட்டி கோவிந்தராஜின் டீக்கடை. வடைத் தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய போன் கிடந்தது. கண்ணாடி முழுக்க எண்ணெய், ஓரத்தில் காய்ந்த மாவு, நடுவில் ஒரு ஈ. கேட்பதற்கு முன்பே அவள் விரல்கள் கூசின. சங்கரன்கோவிலிலிருந்து வந்து காட்டுப்பாக்கம் ஃபிளாட்டில் தோழிகளோடு இருப்பவள் அவள். பிறர் டம்ளரில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

"அண்ணே, உங்க போனைக் கொஞ்ச நேரம் குடுக்கிறீங்களா? ஒண்ணு பார்க்கணும்."

"இன்னாமா, உன்து ரிப்பேரா? எட்த்துக்கோ," என்றார் கோவிந்தராஜ். எதற்கு என்று கேட்கவில்லை. தோள் துண்டால் ஒரு துடை துடைத்து, திரைப் பூட்டைத் திறந்து கொடுத்தார்.

மையத்தின் சோதனை முகவரியை அடித்தாள். பக்கம் வந்தது. செவ்வாய்க்கிழமைக் காலை நேரத்தைத் தொட்டாள், கட்டம் பச்சையானது. அடுத்து ஒரு பெட்டி எழுந்து வந்து, 'உறுதி செய்' என்ற பட்டனைக் காட்ட வேண்டும். வரவில்லை. திரையை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். ஒன்றும் இல்லை.

கோவிந்தராஜ் எட்டிப் பார்த்தார். "அட, இது நம்ம சுசீலா போற எடமாச்சே! வாரத்துக்கு ரெண்டு தபா இட்டுக்கினு போறேன். இத்தினி நாளு விடிகாலைல போயி டோக்கன் வாங்குவோம். இனிமே போன்லதான்னு சொல்ட்டாங்க."

"உங்க வீட்டுல யாருண்ணே?"

"ஊட்டுக்காரிதான். கிட்னி போய்ட்ச்சு." சொல்லிக்கொண்டே பச்சைக் கட்டத்தை விரலால் காட்டினார். "பச்ச ஆய்ட்ச்சே, அப்ப கெட்ச்சிட்ச்சுன்னு அர்த்தமா?"

நோயாளி வீட்டார் எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள். பச்சையைப் பார்த்துவிட்டு, கால் வீங்கிய மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். உன் பெயரே இல்லையே என்று மையத்து ஆட்கள் வாசலில் சொல்வார்கள்.

"இல்லண்ணே. இது சும்மா ஒத்திகை. பச்சை ஆனா மட்டும் போதாது."

லேப்டாப்பை பெஞ்சில் வைத்துத் திறந்தாள். தவறு அவள் எழுதிய வரியில்தான் இருந்தது. பெட்டி திரையின் நான்கு பக்கமும் ஒட்டி நிற்க வேண்டும் என்பதை ஒரே சொல்லில் சொல்லும் புது வரி அது. சுருக்கமாக எழுதிவிட்டோம் என்று அன்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டிருந்தாள். பழைய பிரவுசருக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாததை அது சண்டை போடாமல் தாண்டிப் போய்விடும். பெட்டி பக்கத்தின் அடியில், திரைக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு தள்ளினாலும் மேலே வராது. விஷால் மீது இருந்த அருவருப்பில் பாதி அவள் மீதே திரும்பியது.

மேல், வலது, கீழ், இடது என்று பழைய முறையில் நான்கு வரியை முதலில் எழுதினாள். புது வரியை அதற்கு அடியில் வைத்தாள். தெரிந்தவர் புதியதை எடுத்துக்கொள்ளட்டும். தெரியாதவருக்குப் பழையதாவது கையில் இருக்கும். சோதனை முகவரியில் ஏற்றி, கோவிந்தராஜின் போனில் மறுபடி திறந்தாள். பெட்டி வந்தது. பட்டன் வந்தது.

"அண்ணே, வேற யார்கிட்டயாவது பழைய போன் இருக்கா?"

"டேய் வரதா! அந்த டப்பாவ தங்கச்சிகிட்ட குடு."

லோடு வண்டி ஓட்டும் வரதன் டீயோடு வந்தான். "குடுக்கறேன் தங்கச்சி. எவனாச்சும் லோடு எங்க மாமேன்னு கூப்ட்டா நான் பூந்தமல்லி தாண்டிட்டேன்னு சொல்லு."

"எதுக்கு?"

"ரெண்டு நாளா தாண்டிக்கினே கீறேன்."

கண்ணாடி சிலந்தி வலைபோல விரிந்திருந்த போன். போன் கம்பெனியே போட்டுக் கொடுத்த பிரவுசர். அடியில் சினிமாச் செய்தியும் சூதாட்ட விளம்பரமும் ஓடும் ஒரு பட்டை, அது பட்டனின் பாதியைத் தின்றிருந்தது. கெட்ட வார்த்தை ஒன்று நாக்கு வரை வந்தது, அடக்கினாள். பட்டனுக்குக் கீழே இடம் விட்டு, பெட்டிக்குள் இருப்பதை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கும்படி மாற்றினாள். கோவிந்தராஜ் வெயில் படாதபடி ஒரு அட்டையை லேப்டாப்புக்கு மேல் சாய்த்து வைத்தார். வரதன் லோடு ஏற்றப் போகாமல் நின்றான். இரண்டு போன்களிலும் பட்டன் முழுதாக நின்றது.

அப்போது விஷால் டீக்கு இறங்கி வந்தான். வரதனின் போனைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "ஐயே, இதையெல்லாமா தொட்ட?"

"பட்டன் வரல விஷால். இப்ப சரி பண்ணிட்டேன். ஃபைலை மாத்தி அனுப்பிடுங்க."

"மையத்துக்கு ரிப்போர்ட் போய்டுச்சே." குரலைத் தாழ்த்தினான். "இப்ப ஃபைலை மாத்தினா எதுக்குன்னு கேப்பாங்க. எல்லாம் பாஸ்னு நாமதானே சொன்னோம்? அடுத்த மாசம் புகார் வரட்டும், பார்த்துக்கலாம்."

"அடுத்த மாசம் வரைக்கும் அவங்க என்ன செய்வாங்க?"

"ப்ரியா, உன் புரொபேஷன் ஃபார்ம் கையெழுத்தாகாம என் டேபிள்லதான் இருக்கு."

கோவிந்தராஜ் டீயை நீட்டினார். "சார், சக்கர கம்மியா போட்டுக்கீறேன். நீங்க ரெண்டு பேரும் செய்ற வேலையாமே அது? நம்ம ஊட்டுக்காரிக்கு இனிமே விடிகாலைல அலைய வாணாம். உங்க புண்ணியம் சார்."

விஷால் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தான். "சூப்பரா வரும்ணே. கவலையே படாதீங்க."

வடையெண்ணெயும் காய்ந்த மாவும் ஈயும் அவளுக்கு மறந்தே போயின. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. காலையில் சந்தனம் வைத்து நின்ற அதே முகம்! முருகா, இந்த முகம் எனக்கு வராமல் பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். தன் போனால் அந்த இரண்டு போன்களையும் இருந்தபடியே படம் எடுத்தாள், கண்ணாடி விரிசலோடும் எண்ணெயோடும். ராஜகுமாரி அம்மாவுக்கு எழுதினாள்: 'நாங்கள் அனுப்பிய நான்கு படங்களும் ஒரே போனில் எடுத்த ஒரே படம்தான். பழைய போன்களில் பட்டன் தெரியவில்லை, அது நான் செய்த பிழை. திருத்திய ஃபைலும், உண்மையான படங்களும் இத்துடன். மன்னியுங்கள்.'

"என்ன டைப் பண்ற?" என்றான் விஷால். படித்துவிட்டுக் கையை நீட்டுவதற்குள் அனுப்பிவிட்டாள்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவன் மாடி ஏறினான். படியில் அவன் ஷூ சத்தம் லேத் சத்தத்தை மீறிக் கேட்டது.

சற்று நேரத்தில் ராஜகுமாரி அம்மா கூப்பிட்டார். குரல் கடுமையாகத்தான் இருந்தது. "உங்க ஆபீசை அப்புறம் கேட்டுக்கறேன். புது ஃபைலை இப்ப எங்க ஆயாம்மா போன்ல போட்டுப் பார்த்தேன். பட்டன் வருது. இதையேதான் போடப்போறோம்." சற்று நிறுத்திவிட்டு, "சாப்டியாம்மா?" என்றார்.

"இனிமேதாம்மா," என்றாள் மோகனப்பிரியா.

"இன்னாமா ஆச்சு, சார் டீய உட்டுட்டுப் போறாரு?" என்று கேட்டார் கோவிந்தராஜ்.

"திங்கக்கிழமை பச்சை ஆனதும் இன்னொரு பட்டன் வரும்ணே. அதையும் அழுத்தினாத்தான் டோக்கன். வாங்க, எப்படின்னு காட்றேன்."

"எனக்கும் காட்டு தங்கச்சி," என்று வரதனும் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தான். "இவரு மறந்துட்டா நான் அமுக்கறேன்."