வாத்தியார் அவுட் ஆக்கிய கேள்வித்தாள்

ஒரே வீட்டில் இரண்டு சம்பந்திகள் இருந்தார்கள். பெண்ணைப் பெற்றவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பையனைப் பெற்றவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இருவருக்கும் மனைவி இல்லை. பையன் கப்பலில் வேலை பார்த்தான். வருஷத்தில் பாதி கடலில் போய்விடும். அதனால் வேலை பார்க்கும் கூரியர் ஆபீஸுக்கும் வீட்டுக்குமாக ஓடியபடி இரண்டு பேரையும் கட்டி மேய்ப்பது வாத்தியாரின் மகள்தான். பேப்பரை முதலில் யார் பிரிப்பது, ஃபேனை எவ்வளவு வேகத்தில் வைப்பது என்று காலையில் தொடங்கும் சண்டை, விளக்கை அணைத்தால்தான் ஓயும்.

அந்தச் சண்டை குறைந்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று வாத்தியாருக்குப் பட்டது. வார்த்தைக்கு வார்த்தை திருப்பிக் கொடுக்கிற மெக்கானிக், இப்போது பாதியில் நிறுத்திவிட்டு, "நாம எதைப் பத்திப் பேசிட்டிருந்தோம் சம்பந்தி?" என்று கேட்டார். ஒருநாள் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மறுபடி மாட்டத் தெரியாமல் சாயங்காலம்வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு பால் வாங்கப் போனவர், வீட்டுக்கு எந்தப் பக்கம் போவது என்று பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களிடம் விசாரித்திருக்கிறார். கடைக்காரர்தான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்.

அன்று கப்பலிலிருந்து பையன் மனைவியிடம் போனில் பேசினான். "நீ ஒருத்தி எவ்வளவுதான் தாங்குவே? முதியோர் இல்லம் ஏதாவது பார்க்கலாமா?" சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் உடைந்துவிட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் பக்கத்து அறையில் இருந்த வாத்தியார் காதிலும் அது விழுந்தது.

மறுவாரம் மூவரும் ஞாபக மறதிக்கான மருத்துவமனைக்குப் போனார்கள். உளவியல் நிபுணரான ஒரு பெண் மெக்கானிக்கை எதிரே உட்கார வைத்து, "சாவி, மழை, கத்தரிக்கோல், ஆரஞ்சு, பாலம். இந்த அஞ்சையும் ஞாபகம் வச்சுக்குங்க ஐயா, அப்புறம் கேப்பேன்" என்றார். பிறகு கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடைசியில் அந்த ஐந்தைக் கேட்டபோது மெக்கானிக்குக் கிடைத்தது மழை ஒன்றுதான். மொத்த மார்க் முப்பதுக்குப் பதினாறு.

டாக்டர் மார்க்கைப் பார்த்துவிட்டு, அவர் சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்டார். மருமகள் பையை மேஜையில் கவிழ்த்தாள். அரிப்புக்கு ஒன்று, அடிக்கடி சிறுநீர் போவதற்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. மூன்றையும் எழுதிக் கொடுத்தவர்கள் மூன்று வேறு டாக்டர்கள்.

"வயசானவங்களுக்கு இதுல ஒண்ணே மூளையை மந்தமாக்கிடும். மூணும் சேர்ந்தா கேக்கவே வேணாம்" என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனையில் பி12 சத்தும் அடிமட்டத்தில் இருந்தது. "ஆனா இதுதான் காரணம்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். மாத்திரையைப் படிப்படியாக் குறைப்போம், ஊசி போடுவோம். மூணு மாசம் கழிச்சு இன்னொரு டெஸ்ட் வச்சா நிலவரம் தெரியும்."

வாத்தியார் அந்த டெஸ்ட்டையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதில் தேறாவிட்டால் சம்பந்தியை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். மருத்துவமனையில் கூடவே இருந்து கேட்டு வைத்த அந்த ஐந்து வார்த்தைகளை வைத்து அடுத்த நாளே பூங்காவில் பாடம் ஆரம்பமானது.

"சொல்லுங்க. சாவி, அப்புறம்?"

"நான் என்ன ஸ்கூல் பையனா?"

"பையனா இருந்தா இந்நேரம் காதைத் திருகியிருப்பேன். சொல்லுங்க!"

முதலில் மெக்கானிக் தடுமாறினார். போகப் போக மளமளவென்று ஒப்பித்தார். அதோடு நிற்காமல், "உங்ககிட்டப் படிச்ச பசங்க பாவம்" என்று குத்தவும் தொடங்கினார். பேப்பர் சண்டையும் திரும்பி வந்தது. பரீட்சைக் கவலையில் இருந்த வாத்தியார் அதையெல்லாம் கவனிக்கவில்லை.

மூன்று மாதம் ஆனது. அதே அறை, அதே பெண். "ஐயா, இப்ப அஞ்சு வார்த்தை சொல்லப் போறேன்..."

"சாவி, மழை, கத்தரிக்கோல், ஆரஞ்சு, பாலம்" என்று கொட்டினார் மெக்கானிக்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். மெக்கானிக் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி சுவரைப் பார்த்தார்.

"நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன்" என்றார் வாத்தியார் கடைசியில்.

"அப்பா!" மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "மார்க் பொய்யா இருந்தா வைத்தியமும் பொய்யாத்தானே போகும்? வாழ்நாள் பூரா காப்பி அடிச்சவனைப் பிடிச்சீங்க, இப்ப நீங்களே கேள்வித்தாளை அவுட் பண்ணுவீங்களா?"

"அவரை எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டா நான் யார்கூடம்மா சண்டை போடுவேன்?"

உளவியல் நிபுணர் சிரித்துக்கொண்டே வேறொரு தாளை எடுத்தார். "இப்படி நடக்கும்னுதான் எங்ககிட்ட இன்னொரு செட் இருக்கு. சார், நீங்க மட்டும் கொஞ்சம் வெளியே இருங்க."

வராந்தாவில் வாத்தியாருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கதவருகே போவதும், நர்ஸ் முறைத்ததும் திரும்புவதுமாக இருந்தார். தன்னால்தான் காரியம் கெட்டதோ என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கதவு திறந்தது. மகள் கண்ணைத் துடைத்தபடி நின்றாள். வாத்தியாருக்கு உயிரே போய்விட்டது.

"இருபத்தாறுப்பா" என்றாள். "புது வார்த்தைல நாலு சொல்லிட்டார்."

வாத்தியார் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பின்னாலேயே வந்த டாக்டர் விளக்கினார். "ஏற்கெனவே எழுதின பழக்கத்துல ஒண்ணு ரெண்டு மார்க் ஏறலாம். பத்து ஏறாது. மூளையை அமுக்கிட்டிருந்தது பெரும்பாலும் அந்த மாத்திரையும் சத்துக் குறைவும்தான். ஊசியை நிறுத்தாதீங்க. என்னைக் கேக்காம ஒரு புது மாத்திரையும் வேணாம். ஆறு மாசத்துல வந்து காட்டுங்க."

மருமகள் அங்கேயே நின்று கப்பலுக்குப் போன் போட்டாள். மெக்கானிக் அதைக் கையில் வாங்கி, "டேய், நல்லாத்தான் இருக்கேன். நீ அழாம வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு, தானும் கொஞ்சம் அழுதார்.

வெளியே வந்ததும், எந்த பஸ்ஸில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் என்று சம்பந்திகள் இருவரும் மல்லுக்கட்ட ஆரம்பித்தார்கள். தெருவே திரும்பிப் பார்த்தது. இத்தனை மாதமாக மாமனாரைக் கண்பார்வையிலிருந்து விலகவிடாமல் நடந்தவள், இன்று அவர்களைப் பின்னால் வரவிட்டு, கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள்.